எனக்கென்ன, பூனைதானே!

போன பௌர்ணமிக்கு மறுநாள் காலையிலேயே வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் எதிரே உள்ள டீக்கடையில் செய்தி வந்து இறங்கிவிட்டது. செக்‌ஷன் சக்கரவர்த்தி, அதே ஆபீஸில் வேலை பார்க்கிறவர், கிரிவலத்தை எதிர்ப்பக்கமாக நடந்தாராம். ஊரே மலையைச் சுற்றி ஒரு பக்கம் போக, இந்த மனுஷன் மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மறுபக்கம் நடந்தாராம். டீ ஆறுவதற்குள் செய்தி வளர்ந்தது. ஏதோ மந்திரவாதி அப்படிச் செய்யச் சொன்னானாம். புரமோஷனுக்காம். இல்லையில்லை, மேலதிகாரியைக் கவிழ்க்கவாம். கடைசியில் பஜ்ஜி போடுகிறவர், "ஒரு பூனை கூட சம்மந்தப்பட்டிருக்குதாம், பலி குடுக்கத்தான்" என்று கரண்டியை எண்ணெயில் தட்டி முடித்து வைத்தார்.

பூனை வரைக்கும் சரி. மிச்சமெல்லாம் பொய். உண்மைக் கதையை நான் சொல்கிறேன். ரமணாசிரமத்துப் பக்கம் அவர் இருக்கும் அதே சந்தில் குடியிருக்கிறவன் நான். தவிர, அடுத்த வீட்டு விஷயத்தில் எனக்கு அக்கறை கொஞ்சம் ஜாஸ்தி.

முதலில் இந்த ஜாதி மனுஷனை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். இவர்தான் 'எனக்கென்ன' ஆசாமி. எல்லாத் தெருவிலும் ஒருத்தர் இருப்பார். எதன்மேல் உயிரை வைத்திருக்கிறாரோ அதைத்தான் சனியன் என்பார், பீடை என்பார், தொலைந்தால் நிம்மதி என்பார். சொல்லிக்கொண்டே அதற்கு விசிறிவிடுவார். நேராகக் கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன, பூனைதானே" என்று வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போவார். எங்கே போகிறார்? பூனைக்கு மீன் வாங்கத்தான்.

சக்கரவர்த்தி வீட்டு மாடியில் முன்பு வாடகைக்கு இருந்த வெள்ளைக்கார அம்மா, "ரெண்டே மாசம்" என்று ஒரு குட்டியை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனாள். அந்த ரெண்டு மாசம் பதினாலு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பூனைக்கு மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தார். "திட்டறதுக்கு வசதியா இருக்குது" என்பார். நம் ஜில்லாவில் எந்தப் பிள்ளைக்கு மண்ணாங்கட்டி என்று பெயர் வைப்பார்கள்? எமன் கண்ணில் படாமல் பிழைத்துக் கிடக்கட்டும் என்று நினைக்கிற பிள்ளைக்கு. அது அவருக்குத் தெரியாதா? தெரியும். நமக்குத் தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

அந்த மண்ணாங்கட்டிக்குப் போன வருஷம் சக்கரை வியாதி வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது, பாதி உடம்பாக இளைத்தது, பின்னங்கால் வலுவிழந்து தேய்த்துத் தேய்த்து நடந்தது. ரேணுகாம்பாள், அதாவது சக்கரவர்த்தியின் மனைவி, கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு டாக்டர் கீர்த்தனாவிடம் போனாள். இவரும் கூடப் போனார். "எனக்கு அந்தப் பக்கம் வேல இருக்குது."

டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "காலைல ஒரு ஊசி, சாயந்தரம் ஒரு ஊசி. வயித்துக்குச் சாப்பிட்டப்புறம்தான் போடணும். முக்கியமா, ஒருத்தர்தான் போடணும். ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டு டபுளாச்சுன்னா சக்கரை சர்ருனு எறங்கிடும். வயசான பூனை, தாங்காது. அம்மா போடறீங்களா, சார் போடறீங்களா?"

"நானா? அந்தச் சனியனத் தொடவே மாட்டேன்" என்றார் சார்.

ஆக, ரேணுகாம்பாள் கை என்று முடிவானது. ஆனால் அந்த வாரமே ஃபிரிட்ஜில் இருந்த சாத்துக்குடி ஒவ்வொன்றாகக் கசிய ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தால் தோலெல்லாம் பொடிப் பொடியாக ஊசி ஓட்டை. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு யார் பழகியிருப்பார்கள்? ரேணுகாம்பாள் கேட்கவில்லை. ஜூஸ் பிழிந்து குடித்துவிட்டாள்.

இந்த ஆசாமி வீட்டில் நோயாளி இருந்தால் வீட்டுச் சட்டமே மாறிவிடும். ஃபிரிட்ஜ் கதவை அடித்துச் சாத்தக் கூடாது. ஊசி மருந்து அதிருமாம். புரட்டாசியில் வீட்டில் கவிச்சி கிடையாது, ஆனால் பின்கட்டில் தனி அடுப்பில் கோழி வேகும், கேட்டால் "அது கறி இல்ல, மருந்து." வாசற்படிக்கு ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு அதன்மேல் சாக்கு விரித்தார், "எனக்கு மூட்டு வலி, அதான்." அந்தப் பலகை இரண்டு சாண் அகலம். அதில் அவர் ஏறுவதைப் பார்க்க நானும் ஒரு வருஷமாகக் காத்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் இருந்த சக்கரை, வெல்லம், தேன் எல்லாவற்றையும் வெளியேற்றினார். பூனை என்ன, டப்பா மூடியைத் திறந்து காபி கலக்கியா குடிக்கப் போகிறது? கேட்க முடியாது. அந்த வீட்டுக்குப் போனால் உங்களுக்கும் எனக்கும் கசக்கக் கசக்கக் காபிதான்.

ஆபீஸில் வேறு ஒரு கூத்து. தினமும் காலையில் பூனையின் காதோரம் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மிஷினில் சக்கரை அளவு பார்ப்பார்கள். அந்த நம்பரை வாயில் வைத்திருக்க இவரால் முடியாது. பக்கத்து சீட்டு மணிவேலிடம், "இன்னிக்கு முந்நூத்திச் சொச்சம் மணி, கொறையவே மாட்டேங்குது" என்று பெருமூச்சு விடுவார்.

"யாருக்குண்ணா?"

பூனைக்கு என்று எப்படிச் சொல்வது? "எங்க மாமனாருக்கு."

நல்ல மனசுக்காரன் மணிவேல். ஆப்பிள், ஹார்லிக்ஸ் சகிதம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போளூர்ப் பக்கம் மாமனாரைப் பார்க்கவே போய்விட்டான். மாமனார் புளி உலுக்கிக்கொண்டு புளியமரத்தின் மேலே இருந்தார். "யாருப்பா, இன்னா விசேஷம்?" என்று அங்கிருந்தே விசாரித்தார். இவ்வளவு சக்கரையோடு மரம் ஏறுகிறாரே என்று மணிவேலுக்குக் கவலை இன்னும் கூடிவிட்டது.

சரி, பௌர்ணமிக்கு வருவோம்.

பௌர்ணமி சாயந்தரம் ரேணுகாம்பாள் வாசலில் பானை வைத்து, மலை சுற்றப் போகிறவர்களுக்கு நீர்மோர் ஊற்றுவது வழக்கம். மணிவேலோ, "மாமனாருக்கு வேண்டிக்கிட்டாவது ஒரு சுத்து வாங்கண்ணா" என்று கையைப் பிடித்து இழுத்தான். மறுக்க வழியில்லை. கிளம்புமுன் சக்கரவர்த்தி வாசலை எட்டிப் பார்த்தார். மோர் வாங்க அவ்வளவு கூட்டம். இவள் எங்கே ஊசியை ஞாபகம் வைத்திருக்கப் போகிறாள்? சத்தமில்லாமல் பின்கட்டுக்குப் போனார். கோழியைப் பிய்த்துத் தட்டில் வைத்தார். தின்றது. சாத்துக்குடி கற்றுக்கொடுத்த கையால் ஊசியைப் போட்டார். தலையில் ஒரு தடவு தடவினார். யாரும் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. தொடவே மாட்டேன் என்ற மனுஷன் எந்த வாயால் சொல்வது?

கிரிவலப் பாதையில் எமலிங்கம் தாண்டி, செங்கம் ரோட்டிலிருந்து திரும்பி, நிருதிலிங்கத்தில் விபூதி இட்டுக்கொண்டு நிற்கும்போது செல் அடித்தது.

"ஏங்க, மோர் தீந்துபோச்சு. மண்ணாங்கட்டி தட்டக் காலி பண்ணி வச்சிருந்துச்சு, ஊசி போட்டுட்டேன். நல்லா அசந்து தூங்குது. எழுப்புனா கூட..."

அத்தோடு லைன் போனது. பௌர்ணமியில் அத்தனை லட்சம் செல்போன் ஒரே மலையைச் சுற்றினால் டவர் என்ன செய்யும்? மறுபடி அடித்தார். போகவில்லை. மறுபடி. போகவில்லை.

டபுள் ஊசி. அசந்து தூங்குது. எழுப்புனா கூட.

சக்கரவர்த்தி திரும்பினார்.

"அண்ணா! எங்க போறீங்க? அது எதிர்ப்பக்கம்ணா! பாவம்ணா!"

"சார்ஜர மறந்துட்டேன் மணி, நீ போ!"

பார்த்தீர்களா? உயிர் போகிற நேரத்திலும் சார்ஜர். இதைத்தான் ஜாதி என்கிறேன்.

வெறுங்கால், ஜல்லி, முட்டி வலி, எதிரே ஜனக் கடல். "யோவ், கண்ணு தெரியல?" "அய்யா, பக்கம் மாறிப் போறீங்க!" "குடிச்சிருக்கான் போல." ஒரு அம்மா இவரைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இவர் காதில் எதுவும் விழவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. சக்கரை இறங்கினால் உடனே ஈறில் இனிப்பைத் தடவணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனிப்பு? வீட்டில் எங்கே இருக்கிறது? ஒரு சிட்டிகை இல்லாமல் துடைத்து வைத்த புண்ணியவான் யார்?

எமலிங்கத்துக்குப் பக்கத்துப் பந்தலில் தொன்னையில் சக்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாம்பு மாதிரி வரிசை. சக்கரவர்த்தி நேராக அண்டாவுக்கே போய்க் கையை நீட்டினார்.

"வரிசைல வா பெருசு! உனக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?"

"எனக்கில்லப்பா!"

"பின்ன யாருக்கு?"

பதினாலு வருஷமாகத் தொண்டையில் உட்கார்ந்திருந்தது அப்போது வெளியே வந்தது. எமலிங்கத்தின் வாசலில், அத்தனை ஜனத்துக்கு முன்னால், வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார்.

"என் பூனைக்குடா! என் பூனை சாவுதுடா!"

கரண்டிக்காரன் தொன்னை வழிய வழிய அள்ளி வைத்தான்.

வீட்டுக்குள் வந்தபோது ரேணுகாம்பாள் பூனையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது துணி மாதிரித் துவண்டு கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது.

"எழுப்பறேன், எழுந்துக்கவே மாட்டேங்குதுங்க."

"நானும் போட்டேன் ரேணுகா. போறதுக்கு முன்னாடி."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பூனையின் உதட்டைத் தூக்கிப் பிடித்து, "தடவுங்க" என்றாள்.

பொங்கலைப் பிழிந்து வெல்லப் பாகை விரலில் எடுத்து ஈறில் தடவினார். மறுபடி தடவினார். ஒன்றுமில்லை. தெருவில் அரோகரா சத்தம் போய்க்கொண்டே இருந்தது. "டேய் மண்ணாங்கட்டி. சனியனே. பீடை. எந்திரிடா" என்று தனக்குத் தெரிந்த கொஞ்சல் எல்லாவற்றையும் கொஞ்சினார். தொன்னையில் பாகு தீர்ந்து, முந்திரிப்பருப்பு மட்டும் மிஞ்சியது. ரேணுகாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

நறுக்.

"ஆ! கடிச்சிட்டான்! ரேணுகா, கடிச்சிட்டான்டீ!" விரலில் ரத்தம். மனுஷன் அந்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெடல் வாங்கின மாதிரி வீடு முழுக்கச் சுற்றினார். இந்தச் சுற்று வலமா இடமா என்று நான் ஜன்னல் வழியாகக் கவனிக்கவில்லை.

லைன் கிடைத்ததும் டாக்டர் சொன்னபடி, கண் கொட்டாமல் பக்கத்தில் இருந்து அடிக்கடி ஆகாரம் கொடுத்தார்கள். மறுநாள் டாக்டர் கீர்த்தனா பூனையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கிட்னியும் கொஞ்சம் போயிருக்குது சார். இருக்கற வரைக்கும் நல்லா வச்சுக்கலாம், அவ்ளோதான். ஆனா ஊசி ஒரே கை. யார் கை?" என்றார்.

ரேணுகாம்பாள் முந்திக்கொண்டாள். "அவர் கைதான் டாக்டர். சாத்துக்குடி மேல நல்லாப் பழகியிருக்காரு."

இந்த ஜாதி திருந்திவிடும் என்கிறீர்களா? சக்கரை டப்பா மட்டும் அலமாரிக்குத் திரும்பி வந்திருக்கிறது. மற்றபடி நேற்றுகூட என்னிடம், "எனக்கென்னய்யா, பூனைதானே" என்றார். விரலில் பிளாஸ்திரி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் கேட் வாசலில் தினம் வந்து படுக்கிற நொண்டி நாயை "போ, போ" என்று விரட்டுகிறீர்களே, கடையில் பிஸ்கட் பாக்கெட் ஒன்று கூடுதலாக வாங்குவது யாருக்கு? உங்கள் வீட்டில் யாரையோ "இதோட ஒரே ரோதனை" என்று அலுத்துக்கொண்டே, அவர்கள் இருமல் சத்தம் ஒரு நாள் கேட்காவிட்டால் எழுந்து போய் எட்டிப் பார்ப்பது எதற்கு? எனக்கு அப்படியெல்லாம் யாரும் இல்லை என்கிறீர்களா? அடுத்த ஆசாமி ரெடி.

கடைசியில் மணிவேல் பொறுக்க முடியாமல், டீக்கடையில் எல்லோர் முன்னாலும் அவரையே கேட்டுவிட்டான்.

"அண்ணா, ஊரே பேசுது. நீங்க எதிர்ப்பக்கமா நடந்தது நெசமாவே மந்திரவாதி சொல்லித்தானா?"

சக்கரவர்த்தி டீ கிளாஸை டக்கென்று பெஞ்சில் வைத்தார்.

"எவன்டா சொன்னான் நடந்தேன்னு? ஓடுனேன்."