நன்னாரி பாட்டிலில் ஒரு பார்பேரா

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. ஒரு பாட்டில் வைன் வாங்கிட்டு வரணும்.

எனக்கு வைனைப் பத்தி என்ன தெரியும்? சிவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. அவ்வளவுதான். ஆனா அன்னைக்கு சாயங்காலம் என் மேனேஜர் பாவ்லா எங்க வீட்டுக்கு சாப்பிட வர்றாங்க. தாத்தா காலத்துல இத்தாலில இருந்து சிட்னிக்கு வந்த குடும்பம். என் கான்ட்ராக்ட்டை பர்மனென்ட் ஆக்கலாமா வேண்டாமான்னு அடுத்த வாரம் முடிவு பண்ணப் போறதும் அவங்கதான்.

இந்த லட்சணத்துல போன மாசம் ஆபீஸ் லஞ்ச்ல வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, "இத்தாலியன் ரெட்னா எனக்கு உயிர்"னு அவங்ககிட்ட சொல்லித் தொலைச்சிருக்கேன்.

வீட்டுல இன்னொரு சிக்கல். திருச்சில இருந்து அத்தை வந்திருக்காங்க, என் மாமியார். சிட்னில செவன் ஹில்ஸ்ங்கற ஏரியால இருக்குற எங்க வீட்டுக்குள்ள நுழைஞ்ச அன்னைக்கே, மளிகை சாமான் வைக்குற பான்ட்ரில ஒரு அடுக்கை காலி பண்ணி சாமி படம் வச்சுட்டாங்க. "சாமி இருக்குற வீடு மாப்ள, பாத்துக்கங்க"ன்னாங்க. எதைப் பாத்துக்கணும்னு நானும் கேக்கலை, அவங்களும் சொல்லலை.

ட்ரெயின் ஏறி பரமட்டால ஒரு வைன் கடைக்குப் போனேன். உள்ள ஒரு மேஜை போட்டு, விலை கம்மியான இத்தாலியன் ரெட்டா அடுக்கி வச்சு, தாடிக்காரர் ஒருத்தர் எல்லாருக்கும் ஓசில ருசி பாக்க ஊத்திக்கிட்டு இருந்தார்.

"எல்லாமே யங் வைன்"னார்.

"பழசு இல்லையா?"ன்னேன். வைன்னா பழசாத்தான் இருக்கணும்னு யாரோ சொன்ன ஞாபகம்.

"பழசு வேணும்னா பர்ஸ் கனமா இருக்கணும். இதெல்லாம் வாங்கினோமா, சாப்பாட்டோட குடிச்சோமான்னு இருக்கணும்"னார். பக்கத்துல ஒரு வாளி வச்சிருந்தார். வாயில ஊத்தி சுழட்டிட்டு அதுல துப்பணுமாம்.

ஓசில குடுத்ததை, குடுத்த மனுஷன் கண்ணு முன்னாடியே துப்புறதுக்கு எனக்கு மனசு வரலை. முழுங்கினேன். அவர் எத்தனை ஊத்தினாரோ அத்தனையும் முழுங்கினேன்.

கொஞ்ச நேரத்துல நான் நிபுணன் ஆயிட்டேன். "இதுல லேசா நாவல்பழம் தெரியுது"ன்னேன். அவர் மரியாதையா தலையாட்டினார். அப்புறம் பார்பேரான்னு ஒண்ணு ஊத்தினார். சுள்ளுன்னு ஒரு புளிப்பு.

"இது எங்க ஊர் ரசம்ங்க"ன்னேன். நெசமாவே அப்படித்தான் இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி விருந்து காரக்குழம்புக்கு இதை விட்டா ஆளில்லைன்னு தோணிச்சு. அதையே வாங்கினேன். "அரைமணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சுக் குடுங்க"ன்னு சொல்லி அனுப்பினார். ட்ரெயின்ல தானா சிரிச்சுக்கிட்டே வீடு வந்து சேந்தேன்.

ஃப்ரிட்ஜ்னு அவர் சுலபமா சொல்லிட்டார். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் அத்தையோட ராஜ்ஜியம்.

என் மனைவி சுமதிதான் வழி சொன்னா. "நம்ம ஃப்ரிட்ஜ்ல எந்த டப்பாவுல வெளிய எழுதினது உள்ள இருக்கு?"ன்னா. வாஸ்தவம். ஐஸ்கிரீம் டப்பாவுல தோசை மாவு, ஜாம் பாட்டில்ல இஞ்சி பூண்டு விழுது. காலி நன்னாரி சர்பத் பாட்டில் ஒண்ணு கழுவிக் கவுத்தி இருந்துச்சு. நிறமும் கிட்டத்தட்ட ஒத்துப்போச்சு. அதுல ஊத்தி உள்ள வச்சேன். காலி வைன் பாட்டிலை குப்பைத்தொட்டிக்கு அடியில புதைச்சேன். கார்க்கை அவசரத்துல சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

திட்டம் இதுதான். பாவ்லாவுக்கு மட்டும் நானே ஊத்திக் குடுப்பேன். அத்தை கேட்டா நன்னாரி.

பாவ்லா வந்தாங்க. கார் நிறுத்த இடம் காட்டிட்டு நான் உள்ள வர்றதுக்குள்ள, ஹால்ல அத்தை தட்டோட நிக்கிறாங்க. தட்டுல எவர்சில்வர் டம்ளர்கள். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, சீனி கலந்து, ஊறவச்ச சப்ஜா விதை மிதக்குது.

"வெயில்ல வந்த பொண்ணு, அதான் நன்னாரி சர்பத் போட்டேன்"னாங்க.

சுமதி என்னைப் பாத்தா. நான் சுமதியைப் பாத்தேன். பாவ்லா அதுக்குள்ள ஒரு வாய் குடிச்சுட்டாங்க.

என் பர்மனென்ட் வேலை அவங்க தொண்டையில இறங்குறதை நான் பாத்துக்கிட்டே நின்னேன்.

"இது பார்பேராதானே?"ன்னாங்க பாவ்லா, இங்கிலீஷ்ல.

"என்ன சொல்றாங்க மாப்ள?"ன்னாங்க அத்தை.

"ரொம்ப நல்லாருக்காம் அத்தை."

"அப்போ நானும் ஒரு டம்ளர் எடுத்துக்கறேன். விருந்தாளியைத் தனியா குடிக்க விட்டா நல்லாவா இருக்கும்?"

டம்ளர் அவங்க வாய்கிட்ட போயிடுச்சு. வேற வழி தெரியலை. "எனக்கு ரொம்ப தாகமா இருக்கு அத்தை"ன்னு பிடுங்கி ஒரே மடக்கா குடிச்சேன்.

"அடடா, கேட்டா குடுக்க மாட்டேனா?"ன்னு இன்னொண்ணு எடுத்தாங்க. அதையும் பிடுங்கினேன். அப்புறம் இன்னொண்ணு. ஏற்கனவே பரமட்டால ஏத்தினது வேற. பாவ்லா ஒரு டம்ளரை நிதானமா ரசிச்சுக் குடிக்கிறாங்க, மிச்ச பாட்டிலும் எனக்குள்ள. காரக்குழம்பு வந்தப்போ ஜோடி சேர்க்க ஒரு சொட்டு இல்லை. நான் மட்டும் ரசத்துல நாவல்பழம் தெரியுதுன்னு எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருந்தேனாம். சுமதி சொன்னா.

வேலை போச்சுன்னு ராத்திரியெல்லாம் புரண்டேன். காலையில பாவ்லாகிட்ட இருந்து மெசேஜ். "எங்க தாத்தா கோடைக்கு யங் வைன்ல பீச் பழம் நறுக்கிப் போட்டுக் குடிப்பார். உங்க அத்தை சர்பத் அதைவிடப் பிரமாதம். செய்முறை அனுப்புங்க. பர்மனென்ட் விஷயம் திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுடலாம்."

அப்பாடான்னு எழுந்து வந்தேன். துணி துவைக்கப் போட்டுக்கிட்டு இருந்த அத்தை, கையை நீட்டினாங்க. உள்ளங்கையில கார்க்.

"உங்க சட்டைப் பையில இருந்துச்சு மாப்ள."

"அத்தை, அது வந்து..."

"நன்னாரி பாட்டில் மூடியைத் தொறந்தப்பவே வாசனை காட்டிக் குடுத்துடுச்சு. பெரிய எடத்துல இருந்து வந்திருக்காங்க, சர்பத் பாட்டில்ல இருந்ததை அப்படியே ஊத்திக் குடுத்தா உங்க மரியாதை கெட்டுடுமேன்னுதான் எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டு ஒப்பேத்தினேன்."

"மன்னிச்சுக்கங்க அத்தை."

"அது கெடக்கட்டும்"னு வாஷிங் மெஷின் மூடியைச் சாத்தினாங்க. "மூணு தடவை எனக்குன்னு எடுத்தேன். ஒரு வாய் குடிக்க விட்டீங்களா?"