லினக்ஸைக் காணவில்லை

எந்த இயங்குதளம் வேண்டும், விண்டோஸா, லினக்ஸா என்று திறந்ததும் கேட்கும் பட்டியலைக் காணோம். மடிக்கணினி ஒன்றும் கேளாமல் நேரே விண்டோஸுக்குள் போய் நின்றது.

றொட்னி அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தான்; அதே கதைதான். மனைவி டினோஜா பேராசிரியரைச் சந்திக்க யாழ்ப்பாணம் போயிருந்த நேரத்தில், உதவுவதாக நினைத்து அவளின் மடிக்கணினியில் விண்டோஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தான். விடத்தல்தீவுக் கண்டல் சேற்றில் முழங்கால் புதைய நின்று அவள் நண்டுகளைப் பற்றி ஆராய்ந்தது மூன்று வருடம். அவன் அறிந்தவரை அவள் எழுதுவதெல்லாம் லினக்ஸில்தான். வேறெங்கும் பிரதி இல்லை.

மன்னார் டவுனில் கைபேசி திருத்தும் ஹுசைனை அழைத்தான்.

"மச்சான், லினக்ஸைக் காணேல்லயடா!"

"அது எங்க போறது? விண்டோஸ் மறைச்சிருக்கும். செற்றிங்ஸில லினக்ஸை முதலாவதா வை."

வைத்தான். திரை கறுத்தது. வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது. அதில் 'ரெஸ்கியூ' என்ற சொல் மட்டும் விளங்கியது.

"ஐயோ, காப்பாத்தச் சொல்லிக் கேக்குதடா!"

"அப்ப உயிரோடதான் இருக்கு. விண்டோஸ் மேல ஏறி அமத்துது. அதை அழி. பிறகு நான் புதுசு போட்டுத் தாறன்."

ஹுசைன் முன்பு கொடுத்த பென்டிரைவைச் செருகி, அவன் சொல்லச் சொல்ல றொட்னி விசைகளை அழுத்தினான். நிச்சயமா என்று கணினி இரண்டு தரம் கேட்டது. இரண்டு தரமும் ஓம் என்றான்.

விண்டோஸ் போனது. லினக்ஸ் வரவில்லை.

"மச்சான், இப்ப ரெண்டும் இல்லை!"



"பொறு, கடைக்கு ஆள் வந்திட்டுது" என்று ஹுசைன் வைத்துவிட்டான். பிறகு எடுக்கவேயில்லை.

றொட்னி மடிக்கணினியை அந்தோனியார் படத்துக்கு முன்னால் வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, முழந்தாளிட்டான். பஸ்ஸால் இறங்கி வந்த டினோஜா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னப்பா, பட்டப்பகலில மெழுகுதிரி? பேராசிரியர் சேருக்கு ஆய்வு நல்லாப் பிடிச்சிட்டுது. திங்கட்கிழமை ஒப்படைக்கச் சொன்னவர்!"

றொட்னி உடைந்துபோனான். "என்னை மன்னிச்சுக்கொள். உன்ர லினக்ஸ்... லினக்ஸ் போயிட்டுது!" அதற்கு மேல் பேச்சு வரவில்லை. குழந்தை போல விம்மினான்.

டினோஜா சிரித்தபடி பக்கத்தில் அமர்ந்து அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"இதுக்கே அழுறியள்? லினக்ஸை நான்தான் போன மாதம் அழிச்சனான். ஆய்வெல்லாம் விண்டோஸிலதானே பத்திரமாக் கிடக்குது!"