பாயா மண்டோரின் செக்ரோல்

நெகிரி செம்பிலான் மாநிலத்து எஸ்டேட்டுகளில் புலிக்குப் பயப்படாதவன் உண்டு, மேனேஜருக்குப் பயப்படாதவனும் உண்டு. பாயா மண்டோருக்குப் பயப்படாதவன் மட்டும் கிடையவே கிடையாது. எங்கள் மஜ்லிஸில், அதாவது மாவட்ட மன்றத்தில், திங்கட்கிழமை காலை அவருடைய பழைய மோட்டோர் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும். அதிகாரிகள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வெளி வேலை வந்துவிடும். புகார் கௌண்டரில் தனியாக மாட்டிக்கொள்கிறவன் குமாஸ்தா வேலை பார்க்கும் கிராணியாகிய நான்தான். எந்த மஜ்லிஸ் என்று கேட்காதீர்கள். இப்போது மந்தினில் பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன், அதைக் கெடுப்பானேன்!

இயற்கையைப் பாதுகாப்பதில் எங்களை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. ஒரு காட்டைப் பாதுகாக்க வேண்டுமென்றால் முதலில் போர்டு வைப்போம். போர்டு மறைக்கிறது என்று நாலு மரத்தை வெட்டுவோம். அதைத் திறந்துவைக்கப் பெரியவர் வருவாரே, கார் நிறுத்த இடம் வேண்டாமா? இன்னும் பத்து மரம் போகும். கடைசியில் போர்டு மட்டும் பத்திரமாக இருக்கும்.

எஸ்டேட்டில் கங்காணியாக இருந்து ரிட்டயரான அந்த மண்டோருக்கு 'பாயா' என்ற பட்டப்பெயர் கிடைத்ததற்கு நான்தான் காரணம். முதல் தடவை கௌண்டருக்கு வந்தவர் மேஜையைத் தட்டினார்.

"தம்பி, பாயாவுல ஒரே அழுக்கு. எண்ண மெதக்குது, புழு நெளியுது. வந்து பாருங்க, இல்லாட்டி மேலிடத்துக்கு எழுதிப் போடுவேன்!"

நான் அப்போதுதான் தமிழ் முஸ்லிம் மாமாக் கடையில் ரொட்டியும் ஆட்டுக்கால் பாயாவும் அடித்துவிட்டு வந்திருந்தேன்.

"எந்தக் கடைங்கய்யா?"

"கடையா? நம்ம எஸ்டேட்டு கோயிலுக்குப் பின்னாடி, பள்ளத்துல இருக்குலா!"

உரிமம் இல்லாத கடை, ஆட்டுக்கால் சூப்பில் புழு என்று மலாய் மொழியில் எழுதிச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் இன்ஸ்பெக்டர் கையுறையும் பாட்டிலுமாகப் போய் இறங்கியிருக்கிறார். மண்டோர் அவரைப் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய் முழங்கால் சேற்றில் இறக்கிவிட்டார். மலாயில் பாயா என்றால் சதுப்பு நிலம். எஸ்டேட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். வயிற்றால் யோசிக்கிற எனக்கு மட்டும் ஆட்டுக்கால் ஞாபகம் வந்து தொலைத்தது. இன்ஸ்பெக்டர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இன்னொரு திங்கட்கிழமை ஒரு வாளியைக் கொண்டுவந்து கௌண்டரில் வைத்தார். உள்ளே கறுப்பாக, முள்ளும் செதிலுமாக ஒரு மீன் துள்ளியது.

"இது என்னங்க மண்டோர்?"

"ஒங்க ஸ்டாஃபு."

கண்ணாடித் தொட்டியில் அழுக்குத் தின்பதற்காக வளர்ப்பார்களே, அந்த வெளிநாட்டு மீன். துப்புரவு வேலை பார்ப்பதால் இங்கே அதற்கு இக்கான் பண்டாராயா, மாநகராட்சி மீன், என்று பெயர். பெரிசானதும் யாரோ புண்ணியவான் கொண்டுபோய்ச் சதுப்பில் விட்டிருக்கிறான்.

"பாயாவுல இருக்கற மீன் முட்டையெல்லாம் தின்னுட்டுச் சும்மா சுத்துது. கவர்மெண்டு ஆளுதான, திரும்ப வேலைக்கு எடுத்துக்கங்க. பதவி ஒயர்வு குடுத்தாலும் சரிதான்!"

இப்படிப்பட்டவரின் பாயாவையே பாதுகாப்பது என்று எங்கள் மஜ்லிஸ் முடிவு செய்தது. எப்படி? மண்ணைக் கொட்டி மேடாக்கி, சிமெண்டு நடைபாதை போட்டு, நடுவில் ஃபைபரில் ஒரு பெரிய கொக்கை நிறுத்தி! நிஜக் கொக்கு என்றால் பறந்து போய்விடும், இது எங்கேயும் போகாது பாருங்கள். நிபுணர் ஒருவர் போய்ப் பார்த்து, 'குறிப்பிடத்தக்க உயிரினம் எதுவும் இல்லை' என்று அழகான அறிக்கையும் கொடுத்துவிட்டார். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் எழுதித் தர வேண்டும். ஒருத்தரும் தரவில்லை என்றால் லாரி வந்துவிடும்.

மண்டோர் வந்தது திங்கட்கிழமை. கையில் ஆட்சேப ஃபாரம், அக்குளில் ஒரு கட்டுப் புத்தகம்.

"வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிருச்சு, மண்டோர்."

"வெள்ளிக்கிழம நீர்நாய் குட்டி போட்டுச்சு தம்பி. தாய் மெரண்டுருமேன்னு மோட்டோர ஸ்டார்ட் பண்ணல. சனி, ஞாயிறு நீங்க தொறக்கல."

"ரூல்ஸ் இருக்கே, நான் என்ன செய்ய?"

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. முகம் தொங்கிப்போய், புத்தகங்களைக் கௌண்டரில் வைத்தார்.

"நீயே வச்சுக்க. மண்ணக் கொட்டுன பொறவு எனக்கு எதுக்கு இது?"

அவர் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். எஸ்டேட்டில் காலைப் பெரட்டில் ஆள் எண்ணி வருகை போடும் செக்ரோல் புத்தகங்கள். வேலையை விட்ட பிறகும் மனிதர் பெரட்டை விடவில்லை. தினமும் விடியற்காலையில் பள்ளத்துக்குப் போய்ப் பாயாவுக்கு வருகை போட்டிருக்கிறார். கானாங்கோழி: ஜோடியா ஆஜர். மீன்கொத்தி: லேட்டு. நீர்நாய்: மூணு நாளா லீவு. இப்படிப் பக்கம் பக்கமாக, வருஷக் கணக்கில். சிரித்துக்கொண்டே புரட்டியவன் திங்கட்கிழமைகளின் கடைசி வரியைப் பார்த்ததும் நிறுத்தினேன்.

'கிராணி: ஆஜர். கொட்டாவி விட்டான்.'

'கிராணி: ஆஜர். எளச்சிட்டான்.'

'கிராணி: காணோம்.' அடுத்த திங்களும், 'காணோம். ஆபீஸ்ல கேட்டா ஒருத்தனுக்கும் தெரியல.' அதற்குக் கீழே: 'கிராணிக்கு வயித்துல ஆப்பரேஷனாம். விரால் ஒண்ணு புடிச்சு அவன் வீட்டு கேட்டுல மாட்டிட்டு வந்தேன். விரால்ல ஒண்ணு கொறச்சல்.'

ஆப்பரேஷன் புண் ஆற விரால் மீன் சூப்புக்கு மிஞ்சி ஒன்றுமில்லை. அதைக் கேட்டில் மாட்டியது பக்கத்து வீட்டுச் சீன அம்மாதான் என்று நினைத்து, என் மனைவி அவருக்கு ஒரு டின் முறுக்கு வேறு கொடுத்தாள். பாயாவுக்குத் தூண்டிலோடு வந்த சொந்த மருமகனையே கட்டையை எடுத்துக்கொண்டு விரட்டிய மனிதர், எனக்காகத் தண்ணீரில் இறங்கியிருக்கிறார்!

ரப்பர் முத்திரைச் சாப்பின் தேதியை வெள்ளிக்கிழமைக்குத் திருப்பினேன். ஃபாரத்தில் ஓங்கிக் குத்தினேன். என் சர்வீஸில் நான் செய்த ஒரே தில்லுமுல்லு அதுதான். யாராவது விசாரித்தால் விசாரிக்கட்டும்.

ஆட்சேபத்தைக் கேட்கும் நாளில், நான் திருப்பிக் கொடுத்த செக்ரோலைப் பார்த்து, மண்டோர் எழுந்து நின்று பெரட்டுக் குரலில் பாயாவின் உயிர்களை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். மஜ்லிஸ் தலைவரே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் நின்று மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"அது எப்படி?" என்று நிபுணர் குறுக்கிட்டார். "நான் போனபோது ஒன்றுமே இல்லையே!"

மண்டோர் விரலை எச்சில் தொட்டுப் பக்கத்தைத் தள்ளினார். "செவ்வாக்கெழம, மத்தியானம். இந்தா எழுதியிருக்கு. 'ஒரு ஆளு வந்தாரு. கார் கதவு தொறக்கல.'"

மண் கொட்டும் திட்டம் அன்றோடு போனது. வாங்கிய ஃபைபர் கொக்கைக் கார் நிறுத்துமிடத்தில் நட்டு வைத்தோம்.

அடுத்த திங்கட்கிழமை மோட்டோர் சத்தம் கேட்டது. எல்லாரும் ஓடிவிட்டார்கள். நான் மட்டும் எழுந்து நின்றேன்.

"மண்டோர், அந்த விராலுக்கு ரொம்ப நன்றிங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த விராலு? பாயாவுல மீன் புடிக்கிறது குத்தம்னு தெரியாது? மஜ்லிஸ்ல வேல பாக்கற, இதுகூட தெரியல! உக்காந்து புகார எழுதுலா."

உட்கார்ந்தேன். ஃபாரத்தை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். என்ன எழுதினேன் என்று இன்றுவரை தெரியாது. கண்ணை மறைத்த தண்ணீரில் எழுத்து எங்கே தெரிந்தது?