நானூற்றுப் பதினேழாம் கல்லின் குணமும் வகையும்

ஒரு குழு கூடி வகைப்படுத்தும் வரை, உலகில் எந்தப் பொருளுக்கும் குணம் என்று ஒன்று கிடையாது. நெருப்பு சுடும் என்பது வெறும் வதந்தி. 'சுடுபவை, இரண்டாம் பிரிவு' என்று பதிவேட்டில் ஏறிய பிறகே சுடுகிற தகுதி அதற்கு வருகிறது. மனித குலம் தட்டுத் தடுமாறித் தேடிக்கொண்டிருக்கும் இந்தப் பேருண்மையை எங்கள் கனிம வகைப்பாட்டு நிலையம் இரண்டே மாடிகளில், லிஃப்ட்கூட இல்லாமல், நடைமுறைப்படுத்தி வருகிறது. அங்கே நான் பிரிவுக் கண்காணிப்பாளர். தற்பெருமை எனக்குப் பிடிக்காது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஆழ்துளை போட்ட ஒரு குழு, பூமிக்கடியிலிருந்து வந்த நான்கு கிலோ கல்லை மரப்பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தது. அதற்கு நான் எண் கொடுத்தேன்: 417. வெள்ளை நிறம். பட்டுப் போன்ற பளபளப்பு. கல்லுக்கு முடி முளைத்த மாதிரி மெல்லிய இழைகள். நகத்தால் கீறினால் கீறல் விழாது, கத்தியால் கீறினால் விழும். தண்ணீரில் கரையாது. இத்தனையும் தெரிந்தது, ஆனால் அது என்ன என்று தெரியவில்லை. மாப்பிள்ளையின் உயரம், நிறம், பல்வரிசை எல்லாம் விசாரித்துவிட்டு, என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்க மறந்த நிலை.

எந்தக் கல்லும் தூளானால்தான் ஆராய்ச்சிக்கு ஆகும். தூளாக்குவது என் அத்தானின் வேலை. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்தான் என்பதை, நன்றி எதிர்பார்க்காமல் இங்கே பதிவு செய்கிறேன். நிலையத்தில் அவருக்கு 'பவுடர்' என்று பெயர். கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் அவருடைய அறை. ஒரு நொறுக்கும் இயந்திரம், ஒரு அரைக்கும் இயந்திரம், ஆணியில் மாட்டிய ஏழு சல்லடைகள், ஒரு ஜன்னல். ஜன்னல் பெயின்ட் அடித்தபோது ஒட்டிக்கொண்டது. அதைத் திறப்பது கட்டடப் பராமரிப்பைச் சேர்ந்தது. எங்கள் பிரிவில் வராது.

417-ஐ அரைக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் அத்தான் மாடியேறி என் மேசைக்கு வந்தார்.

"மச்சான், இந்தக் கல்லு மத்த கல்லு மாதிரி இல்ல."

"எப்படிச் சொல்றீங்க? இன்னும் ரிப்போர்ட்டே வரலையே."

"மத்த தூசி கீழ விழும், கூட்டி அள்ளிடலாம். இது விழ மாட்டேங்குது. அந்தரத்துல நிக்குது. வெளிச்சம் பட்டா ஊசி ஊசியா மின்னுது. தொண்டைக்குள்ள போய்க் குத்துது. மூக்கு வாயெல்லாம் மூடுற மாதிரி ஏதாவது குடு."

நான் விதிப் புத்தகத்தைப் பிரித்து அவருக்கு விளக்கினேன். விதி பதினான்கு தெளிவானது. கல் கார்பனேட் வகையானால் துணிக் கவசம். இழையுள்ள போரேட் வகையானால் வடிகட்டி வைத்த ரப்பர் கவசம். வகை தெரியாவிட்டால், தெரிந்த பின்.

"ரெண்டும் அந்த அலமாரியிலதானே இருக்கு?" என்றார் அத்தான்.

"இருக்கு. எது உங்களுக்குன்னுதான் தெரியல. விண்ணப்பம் எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். 'கனிமத்தின் வகை' என்ற இடத்தில் 'குத்துற வகை' என்று எழுதியிருந்தார். குத்துவது குணமே தவிர வகையல்ல என்று பச்சை மையில் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினேன். சொந்தக்காரர் என்பதற்காக நான் சலுகை காட்டியதாக யாரும் சொல்லிவிடக் கூடாது.

வகைப்பாட்டுக் குழுவின் முதல் கூட்டம் ஒரு சரித்திர நிகழ்ச்சி. குழுவில் இரண்டு விஞ்ஞானிகள். போரேட்டுகளில் பெரும்புலவரான ஒருவரை நாங்கள் பச்சையார் என்போம். போரான் கலந்த தூள் எரிந்தால் சுடர் பச்சையாக வரும், அதைப் பார்த்தால் அவர் குழந்தையாகிவிடுவார். கார்பனேட்டுகளில் ஊறிய மற்றவர் நுரையார். அமிலம் பட்டால் கார்பனேட் நுரைக்கும், அவரும் நுரைப்பார்.

பச்சையார் தூளில் அமிலமும் சாராயமும் கலந்து பற்றவைத்தார். இளம்பச்சையாகச் சுடர் எழுந்தது.

"போரேட்! எழுதுங்க!" என்றார்.

நான் பேனாவை எடுப்பதற்குள் நுரையார் இன்னொரு சிட்டிகைத் தூளில் அமிலத்தை விட்டார். அது பொங்கியது.

"கார்பனேட்! அடிச்சிட்டு எழுதுங்க!"

"பேருலயே போர் இருக்கு, எங்ககிட்ட மோதாதீங்க," என்றார் பச்சையார்.

"எங்க பேருல கார் இருக்கு, ஏத்திட்டுப் போயிருவோம்," என்றார் நுரையார்.

இப்படிப்பட்ட அறிவார்ந்த விவாதம் இரண்டு மணி நேரம் நடந்தது. கடைசியில் இயக்குநர் தொண்டையைச் செருமினார். எங்கள் இயக்குநர் முடிவெடுக்க அஞ்சாதவர். எடுக்காமல் இருக்கவும் அஞ்சாதவர்.

"ரெண்டு பேர் சொல்றதும் சரி. அதனால ரெண்டும் தப்பா இருக்கலாம். இன்னும் நைசா அரைச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

தீர்மானம்: 'தூளின் நுண்மை போதாது.' இதையே மாதம் ஒன்றாக அடுத்தடுத்த கூட்டங்களிலும் நிறைவேற்றினோம். கூட்டத்துக்கு நானூறு கிராம் வீதம் கல் கீழ்த்தளத்துக்குப் போனது. தூள் நுண்மையாக ஆக அறையில் இன்னும் அதிக நேரம் நின்றது.

அத்தான் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டார். நல்லவேளையாக நுரையார் அதைப் பார்த்துவிட்டார். ஈரத் துணியிலிருந்து நீராவி தூளில் கலந்தால், இது நீருள்ள போரேட்டா நீரில்லாத போரேட்டா என்ற கேள்வியே குழம்பிவிடும் என்று பச்சையாரும் அஞ்சினார். இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். 'அங்கீகாரமற்ற ஈரத்தைப் பணியிடத்துக்குள் கொண்டுவந்ததற்காக' அத்தானுக்கு நான் ஒரு மெமோ தயாரித்தேன். அதன் நடையை இயக்குநரே பாராட்டினார்.

மெமோவை வாங்கிக்கொண்ட அத்தான் கையெழுத்துப் போட்டுவிட்டு, "உனக்கு ஒண்ணும் சிக்கல் வராதில்ல?" என்று கேட்டார். வராது என்றேன். சிரிக்கப் போனார், இருமல் வந்துவிட்டது.

ஒன்பதாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். வீடு மூன்றாவது மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. யாரோ வைத்துவிட்டு எடுக்கவில்லை என்று அக்காவிடம் புகார் சொன்னேன்.

"நான்தான் போட்டேன்," என்றாள். "உங்க அத்தான் ஒரே மூச்சுல ஏற முடியாம அதுல உக்காந்துட்டு வர்றார். போன மாசம் பத்து நிமிஷம். இப்ப அரை மணி நேரம்."

"அவ்வளவு நேரமா?"

"கல்லுக்கு ஒரு வகை சொல்ல உங்களுக்கு ஒன்பது மாசமா? இந்த வயசுல நானே ஒண்ணு பெத்துருப்பேன். வேலைய விட்டுட்டு வாங்கன்னா, 'மச்சான் வாங்கிக் குடுத்த வேலை, விட்டா அவனுக்குத் தலைகுனிவு'ங்கிறார்."

எனக்குக் கண் கலங்கியது. நிறுவனப் பற்றுக்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன். அக்கா போடவில்லை, நானேதான் போட்டுக்கொண்டேன்.

ஒன்பதாவது கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது. அக்கா நின்றாள். கையில் பெரிய பழுப்பு உறை. காவலாளி பின்னாலேயே ஓடிவந்து, "சொல்லச் சொல்லக் கேக்காம ஏறி வந்துட்டாங்க சார்," என்றான்.

அவள் உறையிலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து, தூள்தட்டுகளுக்கு நடுவில் வைத்தாள்.

"இவரோட வீட்டுக்காரி நான்," என்றாள் படத்தைக் காட்டி. "நீங்க யாரும் இவரைப் பாத்திருக்க மாட்டீங்க. இப்ப பாருங்க."

இயக்குநர் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். இரண்டு விஞ்ஞானிகளும் எழுந்து வந்து தோளோடு தோள் நின்று பார்த்தார்கள். ஒன்பது மாதத்தில் அவர்களை அவ்வளவு நெருக்கமாக நான் பார்த்ததில்லை. கூட இருந்த சீட்டை நுரையார் உரக்கப் படித்தார்: "'இரண்டு நுரையீரலிலும் இழைப் படிவு.' பாத்தீங்களா? நுரைன்னு டாக்டரே எழுதிட்டார்!"

"ஈரல்னும் எழுதியிருக்கார்," என்றார் பச்சையார். "அவசரப்படாதீங்க."

"ஐயா," என்றாள் அக்கா, "அவருக்கு ஒரு மூடி குடுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

"எதைம்மா குடுக்கிறது? துணியா, ரப்பரா? அதைக் கண்டுபிடிக்கத்தானே இத்தனை பேர் உக்காந்திருக்கோம்," என்றார் இயக்குநர், உண்மையான பரிவோடு.

"ரெண்டுல எது பெருசோ அதைக் குடுங்க."

பச்சையார் நுரையாரைப் பார்த்தார், நுரையார் கூரையைப் பார்த்தார். சிக்கலான பிரச்சினைகளைப் பாமரர்கள் இப்படித்தான் எளிமைப்படுத்திவிடுகிறார்கள். 'வருகையாளர் ஒருவரின் கருத்து குறிப்பில் சேர்க்கப்படவில்லை' என்று நான் குறிப்பில் சேர்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

பத்தாவது கூட்டத்தில் விடிவு பிறந்தது. 417 போரேட்டும்தான், கார்பனேட்டும்தான். இரண்டும் ஒரே கல்லுக்குள் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்துகின்றன. உலகில் அரிய வகை. புதிய கனிமம்! பச்சையாரும் நுரையாரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். விதி பதினான்கின்படி ரப்பர் கவசம் வழங்கும் ஆணையை அன்று மாலையே எழுதி, கவசத்தை நானே கையில் எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனேன்.

அறை பூட்டியிருந்தது. அத்தான் நான்கு நாளாக வேலைக்கு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனேன். வடிகட்டி வழியாக இழுத்து மூச்சுவிட இனி அவருக்குத் தெம்பில்லை, இதை மாட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆணை வீணாகக் கூடாதே என்று கவசத்தைக் கட்டில் காலில் மாட்டிவிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வந்தேன்.

அதன் பிறகுதான் ஒரு சிறு இடைஞ்சல். புதிய கனிமம் என்று உலகம் ஒப்புக்கொள்ள ஒரு துண்டாவது மாதிரி பத்திரமாக இருக்க வேண்டும். நாங்கள் நான்கு கிலோவையும் அரைத்து, எரித்து, பொங்கவைத்துத் தீர்த்திருந்தோம். ஆழ்துளைக் குழு குழியை மூடிவிட்டுப் போய்விட்டது. மேலே ஒரு துளியும் இல்லை. இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

"அந்த அம்மா ஒரு படம் கொண்டு வந்தாங்களே," என்றார்.

அவருடைய மேதைமையை அப்போதுதான் முழுதாக உணர்ந்தேன். மறுநாளே படிவம் தயாரானது: 'மாதிரி எண் 417-அ. இருப்பிடம்: மூன்றாவது மாடி, கட்டில். நிலையத்தின் அனுமதியின்றி இடம் மாற்றவோ அப்புறப்படுத்தவோ கூடாது.' அத்தான் கையெழுத்துப் போட்டால் போதும். வாழ்நாள் முழுதும் கல்லை நொறுக்கியவர் ஒரு கல்லைப் பாதுகாக்கும் பொறுப்புக்கு உயர்கிறார்! இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனேன்.

அத்தான் முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். படிவத்தை அக்கா என்னிடமிருந்து வாங்கி அவரிடம் கொடுத்தாள். "எதுலயும் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. பின்பக்கமும் படிங்க, சத்தமா," என்றாள். பின்பக்கத்தில் விதி பதினான்கு முழுவதும் அச்சாகியிருந்தது. அதன் அடியில் பொடி எழுத்தில் நான்கு வரி. அத்தானுக்குப் பொடி பழக்கம்தானே. கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு.

"'குறிப்பு: வகை தெரியாத... கனிமங்களுக்கு... பிரிவுக் கண்காணிப்பாளர்... தம் சொந்தப் பொறுப்பில்... எந்தக் கவசத்தையும்... உடனே வழங்கலாம்.'"

அந்தக் குறிப்பை நான் வேலையில் சேர்ந்த முதல் வாரமே படித்திருக்கிறேன். 'சொந்தப் பொறுப்பில்' என்ற சொல் உள்ள விதிகளின் பக்கமே நான் போவதில்லை. அதனால்தான் பத்தொன்பது ஆண்டுகளாக என் பணிப்பதிவேட்டில் ஒரு கறை இல்லை.

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. காகிதத்தை நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, "மச்சானுக்குக் காப்பி போடு," என்றார்.

அக்கா அசையவில்லை.

"அதுல கண்காணிப்பாளர்னு போட்டிருக்கே. அது யாரு?"

"அது பதவி, அக்கா," என்றேன். "ஆள் பேர் எதுவும் போடல." விதிப்படி அது முற்றிலும் சரியான பதில்.

அக்கா அந்த ஆளின் பெயரை ஒரு தடவை சொன்னாள். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? பிறந்த அன்று என்னைக் கையில் வாங்கி, அந்தப் பெயரை எனக்கு வைத்தவளே அவள்தான்.