தடியன் மாலுமியின் கண்ணாலம்

தோற்றவனுக்காகத் தொண்டை கிழியக் கத்திய மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். திண்டிவனம் டென்ட் கொட்டகையில் தகரக்குழாயை வாயில் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் படங்களுக்குத் தமிழில் கதை சொன்ன குழாய்க்காரர். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

1940களின் தொடக்கம். நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. சாயங்காலமானால் கொட்டகை பெஞ்சில் இருப்பேன். பெரிய படத்துக்கு முன்னால் ஒரு கார்ட்டூன் போடுவார்கள். ஒல்லி மாலுமி ஒருவன், தாடி வைத்த தடியன் மாலுமி ஒருவன், இருவருக்கும் ஒரே பெண் மேல் ஆசை. முதலில் தடியன் அடிப்பான். ஒல்லி ஒரு டப்பாவைத் திறந்து எதையோ விழுங்குவான். அப்புறம் தடியன் கடலில் கிடப்பான். கொட்டகையே கைதட்டும். குழாய்க்காரர் மட்டும் மூக்கை உறிஞ்சுவார்.

"டப்பாவுல இன்னாங்க கீது?" என்று மணல் தரையிலிருந்து ஒரு அம்மாள் கேட்டாள்.

"கேப்பைக் களிம்மா. தடியனுக்கு ஒரு உருண்டை குடுத்தானா பாரு."

ஒருநாள், விழுப்புரத்தில் ஓடி முடிந்த பெரிய படத்தின் ரீல் பெட்டி மாலை பாசஞ்சரில் வரவில்லை. அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம். கொட்டகை நிரம்பி வழிந்தது. போன மாதம் இப்படித்தான் ஜனங்கள் டென்ட்டைக் கிழித்துவிட்டார்கள். இன்னொரு தடவை கலாட்டா என்றால் லைசென்ஸ் ரத்து என்று இன்ஸ்பெக்டர் எச்சரித்திருந்தார். முதலாளி குழாய்க்காரரிடம் ஓடி வந்தார்.

"கார்ட்டூன் இருக்குதில்ல? அதையே ஓட்டுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார் குழாய்க்காரர்.

ஏழு நிமிஷப் படம். ஓட்டிய ஒவ்வொரு தடவையும் வேறு கதை. மூன்றாம் தடவை ஜனங்கள் டென்ட்டின் மூங்கில் கம்புகளை ஆட்ட ஆரம்பித்தார்கள். நான் செருப்பைத் தேடினேன். குழாய் முழங்கியது:

"இந்தத் தடியன் யாருன்னு நெனச்சீங்க? அனந்தபுரம் கடலைச் சந்தையில மல்லாட்டை மூட்டை தூக்கி, மூணு தங்கச்சிங்களக் கட்டிக் குடுத்துட்டு, நாப்பது வயசுல கப்பலுக்கு வந்தவன். இவனுக்கு ஒரு கண்ணாலம் வேணாமா?"

கம்புகள் ஆடுவது நின்றது. எட்டாம் தடவை ஒல்லியின் கை டப்பாவுக்குப் போனதும், "டேய், கீழ வைடா" என்று நாலைந்து குரல்கள். குழாய்க்காரர் கை காட்டினார். ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டார்.

திரை வெள்ளையானது. குழாய் நாயனமாகிக் கெட்டிமேளம் வாசித்தது. அட்சதைக்கு அரிசி ஏது? ஜனங்கள் மணலை அள்ளிப் போட்டார்கள். எனக்கு முன்னாலிருந்த வழுக்கைத் தலையர் ஆசீர்வாதமே செய்தார். அந்த நேரம் பார்த்து ஸ்டேஷனிலிருந்து ஆள் ஓடி வந்து, "பொட்டி வந்துடுச்சு" என்றான்.

"செத்த இருய்யா, தாலி கட்டிக்கினு இருக்காங்க" என்று அதட்டி அனுப்பினாள், டப்பாவில் என்ன என்று கேட்ட அம்மாள்.

ஆட்டம் விட்டதும், தலையெல்லாம் மணலோடு அவரைக் கேட்டேன். "ஏங்க, எப்பவும் தடியன் பக்கமே பேசறீங்க?"

தாடியிலிருந்த மணலைத் தட்டினார். "ஒல்லிக்குக் கொட்டாயே கீதுங்க. தடியனுக்கு யாரு கீறா?"

அவருக்கும் மூன்று தங்கைகள், கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை என்பதெல்லாம் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அவர் பக்கம் பேசவும் ஓர் ஆள் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.