துவைக்கக் கூடாத அங்கி

சலவை இயந்திரத்திலிருந்து வெளியே எடுத்தபோது, முத்தோனியின் கருப்புக் கல்லூரி அங்கி ஐந்து வயதுக் குழந்தைக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

"வெந்நீர்லயா போட்ட?" என்றாள் பக்கத்து அறை பிப்பா.

"கறை போகணும்னா வெந்நீர்தானே?"

"கறையை யாரு போகச் சொன்னா? ஏய், அங்கியை யாராவது துவைப்பாங்களா? என்னுதைப் பாரு. இந்த முட்டைக் கறை எங்கப்பா பரீட்சை பாஸ் பண்ணின அன்னிக்கு விழுந்தது. இந்த ஒயின் என்னுது. துவைச்சா வரலாறே போயிடும்டீ!"

கென்யாவிலிருந்து வந்த நாளாக, செயிண்ட் ஆஸ்வின் கல்லூரியில் என்னவெல்லாம் செய்யக் கூடாது என்று முத்தோனி ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு வந்தாள். புல்வெளியில் கால் வைக்கக் கூடாது. சாப்பிடும்போது உப்பை எட்டி எடுக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவரிடம் "உங்களுக்கு உப்பு வேணுமா?" என்று கேட்க வேண்டும். அவர் புரிந்துகொண்டு உப்பை நம் பக்கம் நகர்த்துவார். அங்கியைத் துவைக்கக் கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதை ஒருத்தி செய்வாள் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

இத்தனைக்கும் அவள் எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். எல்லாருடைய அங்கியும் ஒரே மாதிரி இருக்கிறதே, மாறிப் போய்விடுமே என்று, வாங்கிய அன்றே கழுத்துப் பட்டியின் உள்பக்கம் சிவப்பு நூலில் தன் பெயரைத் தைத்து வைத்திருந்தாள். இப்போது அங்கியில் உருப்படியாக மிஞ்சியது அந்தப் பெயர்தான்.

வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். இன்று முடியாது. அவளுக்கு வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொண்ட பேராசிரியர் திடீரென்று ஆஸ்திரேலியாவுக்கு வேலை மாறிப் போய்விட்டார். கரையான் புற்றுகளைப் பற்றி இந்தக் கல்லூரியில் ஆராயும் இன்னொருவர் டாக்டர் க்ரூட்சன் மட்டும்தான். நாளைக் காலை அவர் சரி என்றால் படிப்பு தொடரும். இல்லை என்றால் விமானம் ஏற வேண்டியதுதான்.

முதல் சந்திப்பில் அவள் அவரிடம் "ஆமாம்" என்றாள், "இல்லை" என்றாள், "மன்னிச்சுக்குங்க" என்றாள். கடைசியாகச் சொன்னது அவருடைய கம்பளத்தில் தேநீரைக் கொட்டியதற்கு. அதற்குப் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கம்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு விருந்துக்குக் கண்டிப்பா வா" என்று பிப்பா நச்சரித்திருந்தாள். "சாப்பிட்டதும் அவர் மாணவர்களோட காபி குடிப்பார். அப்ப போயி நாலு வார்த்தை பேசிடு. ஊமை இல்லைன்னாவது தெரியட்டும்."

அங்கி இல்லாமல் விருந்து மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். அதனால்தான் முட்டிக்குக் கீழே இருந்த சேற்றுக் கறையைப் போக்கப் போய் இந்த வினை.

"தேவாலயக் கதவுக்குப் பின்னாடி ஒரு கொக்கி இருக்கு" என்றாள் பிப்பா. "அதுல எப்பவும் ஒரு அங்கி தொங்கும். யாரோ விட்டுட்டுப் போனது. எடுத்துக்க, நாளைக்கு மாட்டிடு."

முத்தோனிக்கு மனசாட்சி உறுத்தியது. ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும் அல்லவா? சுருங்கிய தன் அங்கியை, சொட்டச் சொட்ட, அதே கொக்கியில் மாட்டிவிட்டு அந்த நீள அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அது கணுக்கால் வரை வந்தது. கைகள் சிறகு போல அகன்று தொங்கின. வலது கையில் ஒரு தீப்பட்ட ஓட்டை.

மண்டபத்து வாசலில் நின்ற பட்லர் டாப்ஸ் அவளைப் பார்த்தார். இல்லை, ஆசிரியர்கள் மட்டும் போடும் அந்த நீள அங்கியைப் பார்த்தார். முகத்தைப் பார்த்து ஆளை உட்கார வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. சட்டென்று குனிந்து வணங்கினார்.

"வாங்க டாக்டர். உங்களுக்கு அந்த வாசல்."

"இல்லைங்க, நான் வந்து..."

"புதுசா வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் கூச்சப்படுவாங்க, டாக்டர்."

அடுத்த நிமிஷம் அவள் கல்லூரி ஆசிரியர்களின் வரிசையில் நடந்துகொண்டிருந்தாள். மாணவர் கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. எழுந்தவர்களில் பிப்பாவும் இருந்தாள். அவள் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது.

மேடைமேல் இருந்த நீண்ட மேசையில் ஒரு காலி நாற்காலியை டாப்ஸ் இழுத்துப் போட்டார். மெழுகுவத்திகள் எரிந்தன. சுவர்ப் படங்களிலிருந்து நானூறு வருஷத்துத் தாடிகள் அவளையே பார்த்தன. பயத்திலும் அவளுக்கு ஒன்று தோன்றியது: எவ்வளவு அழகு! இந்த மேசைப் பேச்சில்தான் அவள் படித்த புத்தகங்களில் பாதி பிறந்திருக்க வேண்டும்.

கல்லூரித் தலைவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். "புதுசா வந்தவங்கதான் லத்தீன்ல ஜெபம் சொல்லணும். நம்ம வழக்கம். சொல்றீங்களா?"

நீ யாரம்மா என்று அவர் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லித் தப்பித்திருப்பாள். அதை எப்படிக் கேட்பார்? மரியாதையாக இருக்காதே.

முத்தோனி எழுந்தாள். பக்கத்தில் இருந்த கணிதப் பேராசிரியை ஹெஸ்டர் பிளை அவள் அங்கியை மெல்ல இழுத்தார்.

"எதையாவது சொல்லும்மா. சூப் ஆறுது."

அவளுக்குத் தெரிந்த ஒரே ஜெபம் அவளுடைய அம்மா தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்வதுதான். கண்ணை மூடிக்கொண்டு அதையே தன் தாய்மொழியான கிக்குயுவில் சொன்னாள். களி எல்லாருக்கும் போதட்டும். நேரம் தப்பி வருகிறவனுக்கும் சட்டியில் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்.

"ஆமென்!" என்று கதவருகிலிருந்து ஒரு குரல் கேட்டது. டாக்டர் க்ரூட்சன் மூச்சு வாங்க ஓடி வந்து நேர் எதிரே உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தும்மினார்.

"உச்சரிப்பு பிரமாதம்" என்றார் தலைவர். "கொஞ்சம் வட இத்தாலி வாடை அடிக்குது."

"வடக்கு மாதிரி தெரியலையே" என்றார் க்ரூட்சன். "இன்னும் கொஞ்சம் தெற்கே."

முத்தோனி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தபோது, அவர் தோளில் கருப்பாக ஏதோ குட்டித் துண்டு கிடந்தது. பெரிய விருது வாங்கியவர்களுக்குப் போர்த்தும் பொன்னாடை போல ஒன்று என்று நினைத்துக்கொண்டாள். ஹெஸ்டர் பிளையும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும்.

"புது கௌரவமா, க்ரூட்சன்?"

"ஆமா. இப்பத்தான் கிடைச்சுது." மறுபடியும் தும்மினார்.

மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கவில்லை. நேராகக் கேட்பது அந்த மேசையில் குற்றம். அதனால் முத்தோனியையும் சுற்றி வளைத்தே விசாரித்தார்கள்.

"வேலையெல்லாம் நல்லாப் போகுதா?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "வந்ததுலேர்ந்து ஒரு வரிகூட எழுதலை."

மேசையே மகிழ்ந்து போனது. "என்ன ஒரு நேர்மை!" என்றார் தலைவர். "நான் எழுதி ஆறு வருஷம் ஆகுது. ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை."

"தங்கற இடம் வசதிதானே?"

"குளியலறைக்கு வரிசையில நிக்கணும்."

"எங்களையும் அப்படித்தான் வெச்சிருக்காங்க!" என்று ஹெஸ்டர் பிளை மேசையைத் தட்டினார். அந்த அதிர்வில் முத்தோனியின் கரண்டியிலிருந்த பீட்ரூட் சூப் அங்கியின் மார்பில் கொட்டியது.

க்ரூட்சன் 'ஐயோ' என்று முனகினார். தன்மேலேயே கொட்டியது போல முகம் சுளித்தார்.

"பழைய அங்கியோ?" என்றார்.

"எனக்குக் கிடைக்கும்போதே பழசாத்தான் இருந்துச்சு, டாக்டர்."

"கையில அந்த ஓட்டை... பைப் நெருப்பு பட்டதோ?"

"இருக்கலாம்."

"யாரோ கவனமில்லாத ஆளு" என்று பெருமூச்சு விட்டார். "போகட்டும். கரையான்ல ஆர்வம் உண்டா?"

இதோ, கேட்டே விட்டார். எப்படியும் நாளைக்கு விமானம்தான் என்று முத்தோனிக்கு உறுதியாகிவிட்டது. உறுதியானதும் பயம் போய்விட்டது. போகிறதுதான் போகிறோம், நினைத்ததைச் சொல்லிவிட்டுப் போவோம்.

"உங்க புத்தகத்துல மூணாவது அத்தியாயம் தப்பு" என்றாள்.

உப்பு நகர்வது நின்றது.

"மழை பெஞ்சப்புறம் புத்து வாயை அடைக்குதுன்னு எழுதியிருக்கீங்க. எங்க ஊர்ல முதல் நாளே அடைச்சுடும். எங்கம்மா அதைப் பார்த்துட்டுத்தான் மறுநாள் துணி துவைக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க. நீங்க வெயில் காலத்துல வந்து பார்த்துட்டுப் போயிட்டீங்க. காத்துல ஈரம் ஏறுறது அதுங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு யாருமே பார்க்கலை. நான் பார்க்கணும்."

மாமிசம் வந்தது, புட்டிங் வந்தது, இருவரும் கவனிக்கவில்லை. அவர் மறுத்தார், அவள் மறுத்ததை மறுத்தாள். ரொட்டியில் ஒரு புற்றையே செய்து காட்டினாள். தன் புத்தகத்தைத் தப்பு என்று சொன்னவளிடம் ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷமாகத் தோற்றுக்கொண்டிருப்பதை அவள் வேறெங்கும் கண்டதில்லை. இதற்காகத்தானே கடல் தாண்டி வந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில ஒரு பொண்ணு என்னைப் பார்க்க வர்றா" என்றார் க்ரூட்சன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கரையான்தான் விஷயம். போன தடவை வாயே திறக்கலை. வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருந்தேன். நீங்க வந்து அவளை நாலு கேள்வி கேட்டு, ஒரு அபிப்பிராயம் சொல்ல முடியுமா?"

முத்தோனி வாயில் இருந்த தண்ணீரை எப்படியோ விழுங்கினாள். "சரி" என்றாள். வேறு என்ன சொல்வது?

சாப்பாடு முடிந்ததும் மாடிப்படியில் பிப்பா அவளைப் பிடித்துக்கொண்டாள். கதையைக் கேட்டுப் படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒண்ணு பண்ணலாம். நீ டாக்டரா போ. நான் நீயா வர்றேன்."

"உனக்குச் சிவப்பு முடி. மூஞ்சி பூரா புள்ளி."

"அவர் உன் மூஞ்சியையா பார்த்தார்? கம்பளத்தைத்தானே பார்த்தார்!"

"பிப்பா, நான் ஊருக்குப் போகப் போறேன். நீ சிரிக்கற."

பிப்பா சிரிப்பை நிறுத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப உண்மையைச் சொல்லிடு. இங்க யாரும் உண்மை பேசறதில்லை. அந்த அதிர்ச்சியிலயாவது விட்டுடுவார்."

மறுநாள் காலை க்ரூட்சனின் அறையில் இரண்டு நாற்காலிகள் தயாராக இருந்தன. கம்பளத்தின் தேநீர்க் கறைமேல் மூன்றாவதாக ஒன்று. அவர் மூக்கு பழுத்த தக்காளி போல இருந்தது.

"உக்காருங்க. அந்தப் பொண்ணு வந்துடுவா."

"வந்துட்டா, சார்."

"எங்கே?"

முத்தோனி போய்க் கறைமேல் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "இங்கே."

அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. இந்த ஊர்க்காரர்கள் ஆச்சரியத்தை எந்தப் பெட்டியில் பூட்டி வைக்கிறார்களோ என்று அவள் வியந்தாள்.

"சரி. ஒரு அபிப்பிராயம் சொல்றேன்னீங்களே" என்றார். "அவ எப்படி?"

முத்தோனி யோசித்தாள். "பயந்தாங்கொள்ளி, சார். கைநடுக்கம் வேற. ஆனா உங்க மூணாவது அத்தியாயத்தை ஒழுங்காப் படிச்சிருக்கா."

"சேர்த்துக்கலாமா?"

"சேர்த்துக்கலாம்."

"நானும் அதைத்தான் நினைச்சேன்." நீளமாக ஒரு தும்மல் போட்டார். "திங்கக்கிழமை வாங்க. ரொட்டி கொண்டு வாங்க, அந்தப் புத்தை இன்னொரு தடவை பார்க்கணும்."

முத்தோனி அறைக்குப் பறந்தாள். பாதி வழியில் புல்வெளியைத் தாண்டிக் குதிக்கத் தோன்றியது. சுற்றித்தான் போனாள்.

இனி ஒரே ஒரு பாக்கி: அந்த நீள அங்கி. அதைக் கொக்கியில் திரும்ப மாட்ட வேண்டும். ஆனால் மார்பில் சூப் சிவப்பாகக் காய்ந்திருந்தது. மற்ற கறைகளெல்லாம் உடையவருடைய வரலாறு, சரி. அடுத்தவர் வரலாற்றில் தன் சூப் எதற்கு? இந்தத் தடவை குளிர்ந்த நீர்தான் என்று முடிவு செய்துகொண்டு அங்கியோடு சலவை அறைக்கு நடந்தாள்.

இயந்திரத்தின் கதவைத் திறந்து அங்கியைப் பாதி உள்ளே திணித்திருப்பாள்.

"நிறுத்துங்க!"

பட்லர் டாப்ஸ் வாசலில் மூச்சிரைத்துக்கொண்டு நின்றார். அவர் கையில் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தைத்தது போல ஒரு கருப்பு அங்கி அழகாக மடிக்கப்பட்டிருந்தது. கழுத்துப் பட்டியில் சிவப்பு நூலில் அவள் பெயர் தெரிந்தது.

"டாக்டர் க்ரூட்சன் கொடுத்து அனுப்பினார்மா. அடுத்த தடவை உங்க அங்கியை அவரோட கொக்கியில மாட்டும்போது கொஞ்சம் காயவெச்சு மாட்டணுமாம், அவரோடதை மட்டும் தயவுசெஞ்சு துவைச்சுடாதீங்கன்னார்."