பாகியோ அத்தையும் ஏழு துடைப்பங்களும்

ஏழு துடைப்பங்களை மடியில் வைத்துக்கொண்டு மனம்விட்டுப் பேசுவது அவ்வளவு சுலபமில்லை. ரெனான் முயன்று பார்த்தான். அவன் பெருமூச்சு விட்டபோதெல்லாம் துடைப்பத்தின் பூ பறந்துபோய் மனநல ஆலோசகர் மேரிவிக்கின் மூக்குக் கண்ணாடியில் உட்கார்ந்தது.

"இந்தத் துடைப்பமெல்லாம் உங்களுக்கு எதை ஞாபகப்படுத்துது?" என்று அவர் மென்மையாகக் கேட்டார்.

"ஆபீஸை, டாக்டர்."

"மனசுல இருக்கிற குப்பையைக் கூட்டித் தள்ளணும்ங்கிற மாதிரியா?"

"இல்ல டாக்டர். நாலு ஜிங்கிக்கு, ரெண்டு ஓபெத் அண்ணனுக்கு, ஒண்ணு மேடத்துக்கு. பாகியோவுலேருந்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"நீங்க பாகியோவுக்கா போறீங்க?"

"இங்கதான் வர்றேன். அதுதான் பிரச்சினை."

மூன்று மாதம் முன்பு வரை ரெனானுக்கு மாரடைப்பு வந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒன்று, லிஃப்டில் ஒன்று, மூன்றாவது சும்மா பூண்டுச் சோறும் பொரித்த மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ஒவ்வொரு முறையும் அவன் இதயத்தைச் சோதித்துவிட்டு, "இதயம்னா இப்படி இருக்கணும்" என்று பயிற்சி மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். மூன்றாம் முறை டியூட்டி டாக்டர் ஒரு சீட்டில், கூபாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே மூன்றாவது மாடி என்று முகவரி எழுதிக் கொடுத்தார். "இது பதற்றம். இதுல சாக மாட்டீங்க. ஆனா யார்கிட்டயாவது உட்கார்ந்து பேசணும்."

முதல் நாளே மேரிவிக் ஒரு விஷயம் சொன்னார். "உங்க உடம்புக்குள்ள ஒரு வாட்ச்மேன் இருக்கான். திருடன் வந்தாலும் விசில் அடிக்கிறான், பூனை வந்தாலும் விசில் அடிக்கிறான். அவனை வேலையை விட்டுத் தூக்க முடியாது. பூனைன்னா பூனைன்னு மெதுவாக் கத்துக்கொடுக்கலாம்."

ரெனானுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதன்பின் வாராவாரம் வியாழன் மதியம் வந்தான். வாட்ச்மேன் பாடம் கற்றுக்கொண்டிருந்தான். லிஃப்டில் நான்கு மாடிவரை விசில் இல்லை. ஆபீஸ் இருக்கும் ஆறாவது மாடிக்கு இன்னும் படிக்கட்டுதான்.

ஆபீஸில் மட்டும் இதைச் சொல்ல முடியாது. ரெனான் இருந்தது ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் மோசடி விசாரணைப் பிரிவு. செத்துப்போனதாகச் சொல்லப்படுகிறவர்கள் மனசாட்சிப்படி செத்திருக்கிறார்களா என்று பார்ப்பது அங்கே நாலு பேருக்கு வேலை. தலைவி எஸ்தெலிதா மேடம். சவப்பெட்டிப் புகைப்படம் ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில், "இந்தப் பிணம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு" என்று சொன்னவர். சரியாகவும் இருந்தது. அதே மேடம் ஒருமுறை, தூக்க மாத்திரை சாப்பிடும் சாட்சி ஒருவரின் கோப்பில், 'நரம்புத் தளர்ச்சிக்காரர், பேச்சை நம்ப வேண்டாம்' என்று சிவப்பு மையில் எழுதியதை ரெனான் பார்த்திருக்கிறான். அவன் கோப்பிலும் அந்த மை விழுந்தால் அப்புறம் அவன் எழுதும் அறிக்கை எதற்கும் மதிப்பிருக்காது.

அதனால் வியாழன் மதியங்களுக்காக ஓர் அத்தையை உண்டாக்கினான். பெயர் பசிங். ஊர் மலைமேல் இருக்கும் பாகியோ. நோய் முதுகெலும்பில். வியாழன் மதியம் பஸ் ஏறி, அத்தையைப் பார்த்துவிட்டு, வெள்ளி காலை நேராக ஆபீஸ். கவுன்சலிங் தொடங்கியபின் அவனுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் சட்டையைக் கசக்கி, கண்ணைத் தேய்த்துச் சிவப்பாக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

முதல் வெள்ளியன்று வெறுங்கையோடு போனான்.

"ஊருக்குப் போயிட்டு வெறுங்கையோடவா வந்தே?" என்றாள் பக்கத்து மேஜை ஜிங்கி, யாரோ செத்துப்போன குரலில். "பசலுபோங் எங்கடா?"

அந்த அலுவலகத்தில் பொய் சொன்னால்கூட மன்னிப்பு உண்டு. ஊருக்குப் போய்விட்டு பசலுபோங், அதாவது அந்த ஊர்ப் பண்டம், வாங்கி வராதவனுக்குக் கிடையாது. நடு மேஜையில் எப்போதும் அது குவிந்து கிடக்கும். ஓபெத் அண்ணன் செவ்வாய்தோறும் சேவல் சண்டைக்கென்று பம்பாங்கா போய்க் கொண்டுவரும் முந்திரி மிட்டாய். ஜிங்கி புதன்தோறும் அக்கா குழந்தைக்குத் தடுப்பூசி போடவென்று பாத்தங்காஸ் போய்க் கொண்டுவரும் காப்பித்தூள். இவ்வளவு தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தை நாட்டிலேயே வேறு கிடையாது. மேடம் மாதக் கடைசியில் இலோயிலோ கிளைக்குப் போய்வந்து வைக்கும் மொறுமொறு பிஸ்கட்.

நல்லவேளையாக, மேரிவிக்கின் கட்டடத்தில் கீழ்த்தளத்திலேயே தெர்சிங் அக்காவின் கடை இருந்தது. பஸ்ஸில் தூங்கிப்போய் எதுவும் வாங்காமல் இறங்குகிறவர்களுக்கான கடை. எல்லா ஊர்ச் சரக்கும் ஊர்வாரியாக அலமாரியில் இருக்கும். ரெனான் பாகியோ அலமாரியிலிருந்து ஸ்ட்ராபெர்ரி ஜாம் வாங்கினான். ஆபீஸ் மகிழ்ந்தது. மகிழ்ந்து, துடைப்பம் கேட்டது.

துடைப்பங்களோடு அவன் ஆபீஸுக்குள் நுழைந்த வெள்ளிக்கிழமை, மேடம் தலை நிமிராமல் கேட்டார்.

"ரெனான், பாகியோ ரோட்ல புதன்கிழமையே மண் சரிஞ்சு பாதையை மூடிட்டாங்களாமே?"

உள்ளே வாட்ச்மேன் விசிலை வாயில் வைத்தான்.

"ஆமா மேடம். பஸ் பாதியிலேயே நின்னுருச்சு."

"அப்புறம்?"

"இறங்கி நடந்தேன்."

"மலையிலயா?"

"அத்தை தனியா இருப்பாங்களேன்னு..."

"திரும்பி வரும்போதும் நடையா? ஏழு துடைப்பத்தோட?" என்றார் ஓபெத் அண்ணன்.

"ஊன்றிக்கிறதுக்கு வசதியா இருந்துச்சு அண்ணே."

பிணங்கள் மூச்சு விடுவதைப் புகைப்படத்தில் கண்டுபிடிக்கும் அந்த மூன்று பேரும் இதை நம்பினார்கள். நம்பியதோடு நிற்கவில்லை. ஜிங்கி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவன் மண்சரிவைத் தாண்டிப் போயிருக்கான்னா, அத்தைக்கு ரொம்ப முடியலைன்னு அர்த்தம். இன்னைலேருந்து ஒம்பது நாள் ஜெபம் வைக்கணும். அத்தை போட்டோ குடுடா."

ரெனானிடம் அத்தையின் போட்டோ இருக்க நியாயமில்லை. ஜாம் பாட்டிலின் லேபிளில், தொப்பி போட்ட ஒரு பெண்மணி கூடையோடு சிரித்துக்கொண்டிருந்தார். கூடையை வெட்டிவிட்டு, அவரைப் பெரிதாக்கிக் கொடுத்தான். நாலு நாள் அந்தப் படத்துக்கு மெழுகுவத்தி எரிந்தது. இரண்டடி தள்ளி அதே பெண்மணி கூடையோடு பாட்டிலில் சிரித்துக்கொண்டிருந்தார். மோசடி விசாரணைப் பிரிவு கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, கண்ணைத் திறந்து அந்த ஜாமை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டது.

செவ்வாய்க்கிழமை அவனால் தாங்க முடியவில்லை. "அத்தைக்கு நல்லாயிருச்சாம்!" என்று அறிவித்தான்.

"ஜெபம் பலிச்சிருச்சு!" என்றாள் ஜிங்கி.

"அப்ப நேர்ல போய் நன்றி சொல்லிட்டு வரணும்" என்றார் மேடம். "சனிக்கிழமை வேன் வச்சுப் போறோம். எல்லாரும். ரோட்டையும் திறந்துட்டாங்களாம்."

அத்தையைக் கொன்றுவிடலாமா என்று ரெனான் யோசித்தான். ஆனால் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அதைப் பார்க்க இவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் கிடையாது.

வியாழனன்று மேரிவிக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெகுநேரம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். இருமல் என்றார்.

"ரெனான், இந்த அத்தையைப் பார்த்துக்கிறதுல ஆகுற உழைப்புல பாதிகூட உங்க பதற்றத்தைப் பார்த்துக்க ஆகாது. ஒரே ஒருத்தர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. ஒருத்தர் போதும்."

"வேலை போச்சுன்னா?"

"போயிருமா?"

"தெரியாது."

"பூனையா, திருடனா?"

"அதான் டாக்டர், இருட்டா இருக்கு."

சனிக்கிழமை காலை வேன் கிளம்பியது. மேடம் முன்னிருக்கையில், மடியில் அத்தைக்கான பழக்கூடை. நடுவில் ரெனானும் ஜிங்கியும். பின்னால் ஓபெத் அண்ணன். ஒருத்தரிடம் சொன்னால் போதும், ஜிங்கியிடம் சொல்லலாம் என்று ரெனான் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் அத்தைக்குப் பின்னிய கம்பளிச் சால்வையை எடுத்துக் காட்டினாள். வாயை மூடிக்கொண்டான்.

"கூபாவ் வழியாப் போறேன்" என்றார் டிரைவர்.

"கூபாவ் வேணாம்!" என்றார் ஓபெத் அண்ணன்.

"அங்க ஒரே நெரிசல்" என்றாள் ஜிங்கி.

"வேற வழி பாருங்க" என்றார் மேடமும்.

"வேற வழியில தண்ணி நிக்குது மேடம். இதுதான் வழி."

வேன் கூபாவில் நுழைந்து, பஸ்களுக்கு நடுவே நத்தையாக ஊர்ந்தது. தூரத்தில் தெர்சிங் அக்கா கடையின் பச்சைப் பலகை தெரிந்தது. மேலே மூன்றாவது மாடி ஜன்னல். பாகியோ இன்னும் ஐந்து மணி நேரம். அங்கே போய் எந்தக் கதவைத் தட்டுவது? வாட்ச்மேன் விசிலை ஊதினான். ரெனானின் மார்பு இறுகியது, விரல்கள் மரத்தன, வேனில் இருந்த காற்றையெல்லாம் யாரோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

"இவனுக்கு என்னமோ ஆகுது!" என்று கத்தினாள் ஜிங்கி.

இந்த இடத்தில் எல்லாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள் என்றுதான் ரெனான் எதிர்பார்த்தான்.

"நாலு எண்ணி மூச்சை இழு" என்றார் பின்னாலிருந்து ஓபெத் அண்ணன், நிதானமாக. "நாலு எண்ணிப் பிடி. ஆறு எண்ணி விடு. அவசரப்படாதே."

"கண்ணுக்குத் தெரியிற அஞ்சு பொருள் சொல்லு" என்று ஜிங்கி அவன் கையைப் பிடித்தாள். "சொல்லுடா. பஸ். அப்புறம்?"

"ரெண்டு காலையும் தரையில அழுத்தி வை" என்றார் மேடம். "இது அலை மாதிரி. ஏறும், இறங்கிரும். உன்னை ஒண்ணும் பண்ணாது."

பஸ், பழக்கூடை, சால்வை, மேடத்தின் கொண்டை, பச்சைப் பலகை. அலை ஏறியது, நின்றது, இறங்கியது. காப்பீட்டு நிறுவனங்களில் முதலுதவிப் பயிற்சி இவ்வளவு பிரமாதமாகக் கொடுக்கிறார்களா என்று ரெனான் வியந்தான். அவனுக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை?

"வண்டியை நிறுத்துங்க" என்றான்.

கடைக்கு நேர் எதிரே வேன் நின்றது. ரெனான் கதவைத் திறந்து இறங்கி, மூன்று முகங்களையும் பார்த்தபடி நின்றான்.

"எனக்குப் பாகியோவுல அத்தை கிடையாது. எங்கயுமே கிடையாது. நீங்க மெழுகுவத்தி ஏத்தினது ஜாம் பாட்டில்காரம்மாவுக்கு. எனக்குப் பதற்ற நோய். வியாழக்கிழமை வியாழக்கிழமை நான் வர்றது இந்த மூணாவது மாடிக்கு, கவுன்சலிங்குக்கு. துடைப்பம், ஜாம் எல்லாம் இந்தக் கடையில வாங்கினது. நான் அங்க போறதை நிறுத்த மாட்டேன் மேடம். போக ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் ஒழுங்காத் தூங்குறேன். என் கோப்புல சிவப்பு மையில என்ன எழுதணுமோ எழுதிக்குங்க."

ஜிங்கி சால்வையின் விளிம்பை எண்ணிக்கொண்டிருந்தாள். ஓபெத் அண்ணன் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றைக் கட்டினார். மேடம் பழக்கூடையிலிருந்த ஒரு மாம்பழத்தைச் சவப்பெட்டிப் புகைப்படம்போல உற்றுப் பார்த்தார். யாரும் கோபப்படவில்லை. யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. அதுதான் ரெனானுக்குப் புரியவில்லை.

"எத்தனை நாளா?" என்று மேடம் மாம்பழத்திடம் கேட்டார்.

"பதினோரு வியாழன், மேடம்."

"மேரிவிக்கா?"

"ஆமா மே..." என்ற ரெனான் பாதியில் நிறுத்தினான். அவன் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை.

அதற்குள் தெர்சிங் அக்கா கடையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, திறந்திருந்த கதவு வழியாக வேனுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அடடே, வாங்க வாங்க! தம்பிக்கு ஜாம், அண்ணனுக்கு முந்திரி, பாப்பாவுக்குக் காப்பித்தூள், மேடத்துக்கு பிஸ்கட்... என்ன, டாக்டரம்மா இப்பல்லாம் எல்லாரையும் ஒரே நாள்ல வரச் சொல்லிட்டாங்களா?"